எலியை அடிப்பதா, சாக்கடையை மூடுவதா?

புரட்டாசி பிறந்தால் எங்கள் சந்தில் இரண்டு பேச்சு கிளம்பும். கோழிக்கறி விலை இறங்கியது ஒன்று, எலி இன்னொன்று. ஐப்பசி மழைக்குச் சில வாரங்கள்தான் இருக்கும். மழை வந்தால் வளைக்குள் தண்ணீர் புகும். வளைக்குள் இருப்பது வீட்டுக்குள் புகும். வட சென்னையில், கால்வாயை ஒட்டி, நாற்பது வீடு இருக்கிற சந்து இது. இந்த வருஷம் வீட்டுக்கு 300 ரூபாய் போட்டு 12,000 ரூபாய் சேர்த்துவிட்டோம். பணம் சேரும்வரை ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அதில் எலி கேக் வாங்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடலாம் என்கிறார். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துப் பெரியவர், நாலு பூனை இருந்தால் போதும் என்று சத்தியம் செய்கிறார். சாக்கடைக்கு மூடி போடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். "எலியைப் பத்திப் பேசக் கூப்பிட்டா இவரு சாக்கடையப் பத்திப் பேசுறாரு" என்று சிரித்துவிட்டார்கள். அரை மணி நேரக் கூட்டத்தில் சொல்லி முடிக்க முடியாததால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் வேறு சந்துக்காரர்களுக்கும் உதவலாம்.

பணத்தைத் தொடும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நமக்கு எதற்குப் பயம்? அரிசி மூட்டையில் ஓட்டை, கடித்துப்போட்ட வயர், ராத்திரி காலில் ஏறி ஓடுவது, இவைதான் பிரச்சினை என்றால் எலி செத்தால் போதும். காய்ச்சலுக்குப் பயம் என்றால் எலி சாவது மட்டும் போதாது. இரண்டையும் ஒரே பேச்சாகப் பேசுவதால்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரே சண்டை.

எலிக்காய்ச்சல் எலி கடித்து வருவதில்லை. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு அதனால் பெரிய தொந்தரவு கிடையாது. தெம்பாக ஓடும், போகிற இடமெல்லாம் சிறுநீரில் கிருமியை விட்டுச் செல்லும். ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தத் தண்ணீரில் நாம் இறங்கும்போது காலில் உள்ள கீறல், பித்தவெடிப்பு, சேற்றுப்புண் வழியாக உடம்புக்குள் போகும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. பலருக்கு அதோடு போய்விடும். சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக் கசிவு என்று உயிர்வரை போகும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இந்த நோய் வருகிறது, 60,000 பேருக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கிறார்கள் என்பது 2015இல் வெளியான மதிப்பீடு. சென்னைக்கும் இது புதிதில்லை. இங்கே சிறுநீரகம் பழுதாகி வந்த நோயாளிகளிடம் இதைக் கண்டறிந்து டாக்டர்கள் எழுதிய ஆய்வு 1990களிலேயே வெளிவந்துவிட்டது.

ஆக, எலிக்கும் நமக்கும் நடுவில் இருப்பது தண்ணீர். என்னைச் சாக்கடைப் பக்கம் திருப்பியது பிரேசில் நாட்டின் சால்வதோர் நகரம். 1996 மழைக்காலத்தில் அங்கே எலிக்காய்ச்சல் வெடித்தது. முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் கடுமையான நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் இறந்தார்கள். ஆல்பர்ட் கோ, மிதர்மாயர் ரெய்ஸ் என்ற ஆய்வாளர்களின் குழு அதன்பின் பௌ த லீமா என்ற குடிசைப்பகுதியிலேயே பல வருஷம் வேலை செய்தது. மலைச்சரிவில் நெருக்கியடித்த வீடுகள், பள்ளத்தில் திறந்த சாக்கடை. 3,171 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 15 சதவீதத்துக்கு மேல் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. வீடு திறந்த சாக்கடையிலிருந்து 20 மீட்டருக்குள் இருந்தால் ஆபத்து கூடுதல். குப்பை பக்கத்தில் இருந்தால் கூடுதல். வீட்டைச் சுற்றி எலி தென்பட்டால் கூடுதல். இன்னொன்றும் இருந்தது: குடும்ப வருமானம் ஏற ஏற ஆபத்து இறங்கியது. இருபது மீட்டர் என்பதை எங்கள் சந்தில் அளந்து பார்த்தேன். நாற்பது வீட்டில் ஒரு வீடுகூடத் தப்பவில்லை.

இனி ஒவ்வொன்றாக. முதலில் மருந்து, எல்லாருக்கும் பிடித்தது அதுதான்.

எலி மருந்து என்று ஒரே பேரில் நாலு சாமான் விற்கிறது, நாலும் ஒன்றில்லை. டியூபில் வரும் எலி பேஸ்ட் மஞ்சள் பாஸ்பரஸ். அதற்கு மாற்று மருந்து கிடையாது. உள்ளே போனால் கல்லீரலைத் தின்றுவிடும். தமிழ்நாட்டில் அதை விற்கத் தடை இருக்கிறது. தடைக்குப் பிறகும் எங்காவது கிடைத்தால், மலிவு என்று வாங்கி வராதீர்கள். ரொட்டியில் தடவி அடுப்படியில் வைத்ததைக் குழந்தை எடுத்துத் தின்ற கதை எல்லா ஏரியாவிலும் உண்டு. கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடும் சீக்கிரம் கொல்லும். ஆனால் எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. அதனால் புதுத் தீனியைக் கொஞ்சமாகக் கடித்துப் பார்த்துத்தான் தின்னும். வயிறு வலித்துப் பிழைத்துக்கொண்ட எலி மறுபடி அந்த வாசனைப் பக்கம் வராது. இந்தப் பொடியைக் கலக்கிவைத்து முதல் நாள் மூன்று எலி, மறுநாள் ஒன்றுமில்லை என்று ஏமாறுவது இதனால்தான்.

பெஸ்ட் கன்ட்ரோல் யோசனைக்கு நான் சம்மதிக்காததற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஏசி போட்ட அறையில் குடும்பம் தூங்கியது. மருந்திலிருந்து கிளம்பிய நச்சு வாயுவில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். எங்கள் வீடுகளில் சமைப்பது, தூங்குவது, பிள்ளை படிப்பது எல்லாம் ஒரே அறை. வாயு கிளப்பும் எந்த மருந்தையும் இங்கே யோசிக்கவே கூடாது.

மிஞ்சுவது கேக். பெரும்பாலும் புரோமாடியோலோன். ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் சாகும். உடனே வலிக்காததால் எலிக்குச் சந்தேகம் வராது. தப்பித் தவறி மனிதர் தின்றால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. குறை என்னவென்றால், எலி எங்கே போய்ச் சாகும் என்று நமக்குத் தெரியாது. போன வருஷம் பரணுக்குப் பின்னால் செத்த ஒன்றைத் தேடி நாலு வீட்டுச் சாமானை இறக்கினோம். மருந்தில் கேக்தான் தேவலாம். ஆனால் வீட்டுக்குள் வைக்காமல், பிள்ளைக் கை எட்டாதபடி வளைக்குள் தள்ளி வைக்க வேண்டும்.

சரி, கேக் வைத்தால் எலி குறையுமா? குறையும். எத்தனை நாளைக்கு? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் எலி ஒழிப்பை ஒரு படையெடுப்பு மாதிரியே நடத்தினார்கள். ஆன்டு என்ற புது விஷத்தைத் தெருத்தெருவாக வைத்தார்கள். அதன்பின் டேவிட் டேவிஸ் என்பவர் அதே நகரின் ஏழைத் தெருக்களில் எலிகளை எண்ணிப் பார்த்தார். ஒரு தெருவில் எத்தனை எலி என்பதை அங்கே கிடைக்கிற தீனியும் ஒளிய இடமும்தான் தீர்மானிக்கின்றன. பாதியைக் கொன்றால் மிச்சப் பாதிக்குத் தீனி தாராளம், குட்டி கூடுதல், சில மாதத்தில் பழைய எண்ணிக்கை. இதுதான் அவர் கண்டது. குப்பையையும் ஓட்டைகளையும் சரிசெய்த தெருக்களில் எலி குறைந்தது, குறைந்தபடியே நின்றது. எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம். ஓர் ஈற்றுக்கு ஆறு முதல் பத்துக் குட்டி. பிறந்த குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தாயாகும். நம் 12,000 ரூபாயும் கேக்காகப் போனால் தீபாவளி தாண்டும், பொங்கல் தாண்டுமா என்பது சந்தேகம்தான்.

அடிப்பதும் பொறி வைப்பதும் அடுத்து. மும்பை மாநகராட்சியில் ராத்திரி எலி அடிக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். கையில் டார்ச், கம்பு. ஒருவர் ஓர் இரவுக்கு 30 எலி அடித்துக் காட்ட வேண்டும். எத்தனையோ வருஷமாக அடிக்கிறார்கள், எலி இருக்கிறது, வேலையும் இருக்கிறது. கொன்ற எலியை எண்ணிக் கூலி கொடுப்பதில் ஒரு வசதி, கணக்கு காட்டலாம். மிச்சம் இருக்கிற எலியை யாரும் எண்ணுவதில்லை.

பொறியைப் பற்றி நான் படித்ததில் என்னைத் திடுக்கிட வைத்தது கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த ஆய்வு. அந்த ஊரின் ஏழைப் பகுதியில் சில சந்துகளில் பொறி வைத்து எலிகளைக் கொன்றார்கள், முன்னும் பின்னும் சோதித்தார்கள். கொன்ற பிறகு அந்தச் சந்துகளில் பிடிபட்ட எலி லெப்டோஸ்பைரா சுமந்திருக்கும் வாய்ப்பு முன்பைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. எலிகளுக்கும் குடும்பம், எல்லை, மூப்பு எல்லாம் உண்டு. நடுவில் சிலதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் உள்ளவை அலையும், சண்டை போடும், ஒன்றோடொன்று கலக்கும், கிருமியும் கலக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எல்லா ஊரிலும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எலி குறைந்தால் நோயும் அதே அளவு குறையும் என்று இனி என்னால் நம்ப முடியவில்லை.

இருந்தாலும் வீட்டுக்குள் ஓடும் ஒன்றிரண்டுக்குப் பொறிதான் சரி. மசால் வடையோ கருவாட்டுத் துண்டோ வைத்து, சுவர் ஓரமாக வைக்க வேண்டும். எலி நடு அறையில் நடக்காது. பசை அட்டை வேண்டாம். ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்தும், பயத்தில் சிறுநீர் விடும், அதைக் கையால் எடுத்துப் போட வேண்டியது நாம்தான். செத்த எலியை எடுக்கும்போது கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்ளுங்கள், இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள். மூஞ்சூறைக் கொல்லாதீர்கள், கீச்சிடும், நாறும், ஆனால் அது எலியே அல்ல, கரப்பான்பூச்சி தின்று வாழ்கிறது.

பெரியவரின் பூனைகளுக்கு ஒரு பதில். நியூயார்க்கில் புரூக்ளினில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் கேமரா வைத்து 79 நாள் பார்த்தார்கள். பூனைகள் இருந்தன, பெரிய எலிகளும் இருந்தன. அத்தனை நாளில் பூனைகள் கொன்றது இரண்டே எலி. சுண்டெலியைப் பூனை பிடிக்கும். எங்கள் சாக்கடைப் பெருச்சாளியைப் பார்த்தால் பூனை வேறு வேலை ஞாபகம் வந்ததுபோல் நகர்ந்துவிடும், நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் கேட்டு வாங்கிக்கொண்ட சிரிப்புக்கு வருகிறேன். சாக்கடை மூடி, குப்பை, ஓட்டை. சூரத் நகரில் 1994 செப்டம்பரில் பிளேக் வந்தது. ஐம்பதுக்கு மேல் சாவு. லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்துபோனது. மறு வருஷம் எஸ்.ஆர்.ராவ் என்பவர் மாநகராட்சி ஆணையராக வந்தார். அதிகாரிகள் தினமும் தெருவில் இறங்கி நின்றாக வேண்டும் என்றார். குப்பை அன்றன்றைக்கு அள்ளப்பட்டது, குடிசைப்பகுதிகளுக்கு நடைபாதையும் வடிகாலும் கழிப்பறையும் போயின. இரண்டே வருஷத்தில் நாட்டின் சுத்தமான நகரங்களில் ஒன்றாகச் சூரத்தின் பேர் அடிபட்டது. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது எலி வேட்டை இல்லை.

அது மாநகராட்சி, நாம் நாற்பது வீடு. நம்மால் எவ்வளவு முடியும் என்று பார்த்தால் ஒன்றும் குறைவில்லை. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும், எலிக்குக் கட்டைவிரல் அளவு போதும். பைப் சுவருக்குள் போகும் இடம், கதவுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூச வேண்டும். வெறும் சிமெண்டை ஈரத்திலேயே குடைந்துவிடும், துணியைக் கூடு கட்ட எடுத்துக்கொள்ளும். சந்தில் ஒரு கொத்தனார் இருக்கிறார், இரண்டு ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். சிக்கல் வாடகை வீடுகளில். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "சுவத்துல கை வைக்காதீங்க" என்றார், எலி வைக்கலாம்போல.

குப்பையில் சிக்கல் வேறு. பேட்டரி வண்டி வரும் நேரத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் கிளம்பிவிடுகிறார்கள். ராத்திரிச் சோறும் மீன் முள்ளும் கவரில் கட்டி முனையில் வைக்கப்படுகிறது. எலிக்கு ராத்திரிதான் பகல். மூடி போட்ட டிரம் நாலு வாங்கி, வண்டி வரும்போது எடுத்துக் கொடுக்க வீட்டில் இருக்கிற பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டால் இது தீரும். பூனை யோசனை சொன்ன பெரியவரே முதல் வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

மூடி உடைந்த வடிகால்தான் பெரிய வேலை. மொத்தத்தையும் நம் காசில் மூட முடியாது, மூடவும் கூடாது. அது அரசு செய்ய வேண்டியது. மனு கொடுத்தால் சிரிப்பார்கள் என்று அண்ணன் சொன்னார். சிரித்திருக்கிறார்கள், உண்மைதான், எலி என்றால் எங்கேயும் சிரிப்பு வரும். 1967 ஜூலையில் அமெரிக்கக் கீழ்ச்சபையில் ஏழைப் பகுதிகளின் எலி ஒழிப்புக்கு 4 கோடி டாலர் கேட்டு மசோதா வந்தபோது உறுப்பினர்கள் நகைச்சுவையாகப் பேசியே அதைத் தள்ளிவிட்டார்கள், 207க்கு 176. நாடு முழுக்கக் கண்டனம் கிளம்பியதும் அந்த வருஷமே அந்தப் பணத்தை வேறு சட்டத்தின் வழியாகக் கொடுக்க வேண்டிவந்தது. ஆகவே மனு எழுதலாம், நாற்பது கையெழுத்தோடு. இதற்கிடையில் பிள்ளைகள் தாண்டிப் போகிற மூன்று உடைசல்களுக்கு மட்டும் நம் செலவில் ஸ்லாப்.

கடைசி வழி மாத்திரை. எலியை விட்டுவிட்டு நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். 1984இல் வெளியான முடிவு: வெறும் மாத்திரை தின்றவர்களில் 20 பேருக்கு நோய், டாக்சிசைக்ளின் தின்றவர்களில் ஒருவருக்கு. அந்தமானில், வருஷா வருஷம் நோய் வரும் இடத்தில் வாழ்கிற மக்களிடம் செய்த சோதனை அவ்வளவு அழகாக வரவில்லை. கிருமி தொற்றுவது குறையவில்லை. காய்ச்சலாகப் படுப்பது சுமார் பாதியாகக் குறைந்தது. சிப்பாய் மூன்று வாரத்தில் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுவான். நாம் கார்த்திகை முடியும்வரை இதே தண்ணீரில்தான் நடக்க வேண்டும்.

அதனால் இந்த மாத்திரையைச் சந்து முழுக்க வாங்கி விநியோகிக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளம் வடியாமல் நாள்கணக்கில் நின்றால், காலில் புண்ணோடு இறங்கி நடந்தவர்கள், சாக்கடை அடைப்பெடுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, டாக்டர் சொன்னபடி போட்டுக்கொள்ளட்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கும் இது பொதுவாகக் கொடுப்பதில்லை. எங்கள் சந்தில் தண்ணீரில் அதிகம் ஆடுவது அந்தப் பிள்ளைகள்தான். மாத்திரையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் ஊசி போட்டுக்கொண்டு நாலு நாள் ஓட்டாமல், இரண்டாம் நாளே டாக்டரிடம் போய், "மழைத் தண்ணில நடந்தேன், வீட்டுல எலி இருக்கு" என்று நாமே சொல்லிவிடுவது. அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிற நோய் இது.

ஆக, 12,000 ரூபாய்க்கு என் பங்கீடு. ஸ்லாபுக்கும் சிமெண்டுக்கும் கம்பி நாருக்கும் ஏழாயிரம். டிரம்முக்கு மூவாயிரம். கேக்குக்கு ஆயிரம். மீதி ஆயிரத்தில், அடைப்பெடுக்கப் போகிற நம் சந்துக்காரர்கள் இருவருக்கும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். மாத்திரைக்கு ஒன்றும் வேண்டாம், அது சுகாதார நிலையத்தில் கிடைக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டுக் கேக்குக்கு எதற்கு ஆயிரம் என்று அக்கா கேட்பார். வேலை செய்யும் வரிசைதான் காரணம். முதலிலேயே குப்பையை நிறுத்தி வளையை அடைத்தால் பசித்த எலி நேராக வீட்டுக்குத்தான் வரும். முதல் வாரம் வளைக்குள் கேக். செத்ததை எடுத்துப் புதைப்பது. இரண்டாம் வாரம் வளையை அடைத்து, வீட்டு ஓட்டைகளைப் பூசி, டிரம் வைப்பது. மூன்றாம் வாரம் ஸ்லாப். கேக்குக்கு அந்த ஒரு வாரம்தான் வேலை. இதையே தலைகீழாகச் செய்தால் மழைக்கு முன்பே நாற்பது வீட்டிலும் எலி குடியேறிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்: முதலில் எண்ணிவிடலாம். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கண்ணில் படுகிற ஒவ்வொரு வளையிலும் செய்தித்தாளைச் சுருட்டித் திணிக்கப் போகிறோம். வீட்டுக்குள் சந்தேகப்படும் இடத்தில் கோலமாவு தூவ வேண்டும், கால் பதியும். ஞாயிறு காலை எந்த வளையில் தாள் வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ அதில்தான் எலி குடியிருக்கிறது. சுண்ணாம்பால் குறி போட்டு எண்ணிக்கையை எழுதிவைப்போம். தை பிறந்ததும் இதே மாதிரி இன்னொரு சனிக்கிழமை எண்ணுவோம். பழைய பேப்பர் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், ஆறு மணிக்கு.